கோவில் திருவிழாவில் மெல்லிசைக் கச்சேரி: அனுமதி முதல் கணக்கு முடிப்பது வரை

எங்கள் ஊர் அம்மன் கோவில் வைகாசித் திருவிழாவுக்கு மெல்லிசைக் கச்சேரி ஏற்பாடு செய்யும் பொறுப்பு முதன்முறை என்னிடம் வந்தபோது, நல்ல இசைக்குழு ஒன்றைப் பிடித்து முன்பணம் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். அந்த ஆண்டுக் கச்சேரி இரவு 8.50-க்குத் தொடங்கியது, 10 மணிக்குக் காவலர் ஒருவர் மேடைப் படிக்கட்டில் வந்து நின்றதும் முடிந்தது. 28 பாடல்களுக்குப் பேசியிருந்தோம், பாடியது 13. பாடாத 15 பாடல்களுக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுத்தோம். குழுவின் மீது குற்றம் சொல்ல முடியாது. அவர்கள் மாலை 5 மணிக்கே வந்து காத்திருந்தார்கள். ஜெனரேட்டர் வராததும், மேடை முடியாததும், பொன்னாடை போர்த்துவதற்கு ஊர்ப் பெரியவர்கள் வரிசையில் நின்றதும் எங்கள் தரப்புப் பிழைகள்.

அதற்குப் பிறகு நான்கு ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவருகிறேன். தமிழ்நாட்டில் கோவில் திருவிழாவுக்காகக் கட்டணமின்றிப் பொதுமக்களுக்கு நடத்தும் கச்சேரிக்கு மட்டுமே இந்த வழிகாட்டி பொருந்தும். டிக்கெட் விற்று நடத்தும் நிகழ்ச்சிக்கு வரி, உரிமம், பாதுகாப்பு எல்லாமே வேறு கணக்கு.

1. இரவு 10 மணியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

கச்சேரி எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று யோசிக்காமல், எத்தனை மணிக்கு முடிய வேண்டும் என்பதை முதலில் தாளில் எழுதுங்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு ஒழுங்குமுறை விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி பயன்படுத்தக் கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணி வரை தளர்வு அளிக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. இதைக் காட்டி, “நமக்கும் 12 மணி வரை உண்டு” என்று சொல்பவர் ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் இருப்பார். அந்தத் தளர்வு அரசு அறிவிக்கும் நாட்களுக்கு உரியதே தவிர, நமது திருவிழாவுக்குத் தானாக வருவது அன்று. உங்கள் அனுமதிக் கடிதத்தில் எந்த நேரம் எழுதியிருக்கிறதோ அதுதான் உங்கள் நேரம்.

9.50-க்கு மங்களம் பாடி முடிக்க வேண்டுமானால், மூன்று மணி நேரக் கச்சேரி 6.45-க்குத் தொடங்கியாக வேண்டும். ஒரு பாடலுக்கு ஏறத்தாழ ஐந்து நிமிடம், இடையே அறிவிப்பாளர் பேசுவதற்கு ஒரு நிமிடம் என்று வைத்தால், கௌரவிப்புக்கும் சேர்த்து மூன்று மணி நேரத்தில் 26 முதல் 28 பாடல்கள் வரை பாடலாம். 6.45-க்குத் தொடங்க, ஒலிச் சோதனை 4 மணிக்கு ஆரம்பித்து 5.30-க்குள் முடிய வேண்டும். அதற்கு ஒலி அமைப்பாளரின் வண்டி காலை 11 மணிக்குத் திடலில் நிற்க வேண்டும். அவர் வந்து இறங்கும்போது மேடை முந்தின இரவே முடிந்திருக்க வேண்டும். இந்தச் சங்கிலியில் முதல் கண்ணி அறுவது பெரும்பாலும் மேடையில்தான்.

இதோடு கோவில் நிகழ்ச்சி நிரலையும் வைத்துப் பாருங்கள். சுவாமி புறப்பாடு 7 மணிக்கு என்றால், சப்பரம் திடலைக் கடந்து போகும்வரை மேடையில் ஒலி இருக்கக் கூடாது, நாதஸ்வரத்தின் மேல் கீபோர்டு ஏறினால் பூசாரி முதல் பொதுமக்கள் வரை அனைவரும் உங்களைத்தான் திட்டுவார்கள். அந்த இருபது நிமிடத்தை முன்னமே கணக்கில் கழித்துவிடுங்கள், அல்லது புறப்பாட்டை மறுநாளுக்கு வைக்க முடியுமா என்று கேளுங்கள்.

2. இசைக்குழுவை நேரில் கேட்டுத் தேர்ந்தெடுங்கள்

பங்குனி முதல் ஆடி வரை குழுக்களுக்கு ஓய்வில்லாத காலம். வெள்ளி, சனி, ஞாயிறு வேண்டுமானால் மூன்று மாதங்களுக்கு முன்பே பேசிவிட வேண்டும். செவ்வாய், புதன் என்றால் ஒரு மாத அவகாசத்திலும் கிடைக்கும், தொகையும் குறையும். பள்ளிப் பொதுத் தேர்வு நடக்கும் நாட்களில் நிகழ்ச்சி வைக்காதீர்கள். தேர்தல் நடத்தை விதிகள் நடைமுறையில் இருந்தால் அனுமதி கிடைக்கும் வழியே மாறிவிடும் என்பதால், தேதி குறிக்கும் முன் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

இரண்டாம் ஆண்டு நாங்கள் ஓர் இடைத்தரகர் மூலம் குழு பேசினோம். அவர் கைப்பேசியில் காட்டிய காணொளியில் புல்லாங்குழல், வயலின், டிரம்பெட், தபேலா எல்லாம் இருந்தன. திருவிழா அன்று வேனிலிருந்து இறங்கியவர்கள் ஆறு பேர். ஒருவர் கையில் மடிக்கணினி. பாடகர்களின் குரல் மட்டும் நேரடி, மற்றதெல்லாம் பதிவு செய்த ட்ராக். மேடையில் ஒருவர் ரிதம் பேட் எனும் மின்னணுத் தாளக் கருவி முன்னால் நின்று, சில பாடல்களில் குச்சியைப் பேடில் படாமலே அசைத்துக்கொண்டிருந்தார். முன்வரிசைச் சிறுவர்கள் அதைக் கண்டுபிடித்துச் சிரித்தது இன்னும் என் காதில் இருக்கிறது.

ட்ராக் வைத்துப் பாடுவது இழிவான வேலை அன்று. சிறிய வரவு செலவுக்கு அது பொருத்தமான வழிதான். ஆனால் ஆறு பேருக்கு உரிய தொகையைக் கொடுத்து ஆறு பேரை அழைப்பது வேறு, பதினான்கு பேருக்கு உரிய தொகையைக் கொடுத்துவிட்டு ஆறு பேரைப் பார்ப்பது வேறு. எனவே அந்தக் குழு அருகில் எங்காவது வாசிக்கும் நாளில் இரண்டு பேர் நேரில் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள். போனவர்கள் மேடையின் முன்னால் உட்காராமல் பக்கவாட்டில் நின்று, யார் உண்மையில் வாசிக்கிறார்கள் என்று எண்ண வேண்டும். குழுத் தலைவரிடமே நேரடியாகப் பேசுங்கள்.

3. ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள்

முத்திரைத் தாளில் இரு தரப்பும் கையெழுத்திட்ட இரண்டு பக்க ஒப்பந்தம் போதும். வாய்ப்பேச்சில் நட்பாக முடிந்ததெல்லாம் மேடைக்குப் பின்னால் சண்டையாகும்.

அதில் நிகழ்ச்சித் தேதி, குழு வந்து சேர வேண்டிய நேரம், கச்சேரி தொடங்கும் நேரம், முடியும் நேரம் ஆகியவை தனித்தனியாக இருக்க வேண்டும். வாசிப்பவர்கள் எத்தனை பேர், எந்தெந்தக் கருவிகள் நேரடியாக வாசிக்கப்படும், ஆண் பாடகர் எத்தனை, பெண் பாடகர் எத்தனை, ட்ராக் பயன்படுத்துவதானால் அதிகபட்சம் எத்தனை பாடலுக்கு என்பதை எண்ணாகவே எழுதுங்கள். தொலைக்காட்சியில் பாடிய பாடகர் ஒருவர் வருவதாகச் சொல்லியிருந்தால், அவர் பெயரும், அவர் எத்தனை பாடல்கள் பாடுவார் என்பதும், அவர் வராவிட்டால் எவ்வளவு தொகை கழியும் என்பதும் இடம்பெற வேண்டும். ஒலி, ஒளி அமைப்பு யார் பொறுப்பு, வேன் வாடகை தொகைக்குள் அடக்கமா, ஆளுக்குப் பேட்டா (படிப்பணம்) தனியா என்ற கேள்விகளுக்கும் அங்கேயே விடை இருக்கட்டும். பேட்டாவைப் பற்றிப் பேசாமல் விட்டதால் ஓர் ஆண்டு கடைசி நேரத்தில் ரூ.7,000 கூடுதலாகக் கொடுக்க நேர்ந்தது.

மழை பெய்தால் என்ன செய்வது என்ற பிரிவைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குழு ஊருக்கு வந்து சேர்ந்த பிறகு மழையால் நின்றால் பாதித் தொகை, முந்தின நாளே தள்ளி வைத்தால் முன்பணத்தை அடுத்த தேதிக்கு வரவு வைத்துக்கொள்வது என்று நாங்கள் எழுதுகிறோம். காவல்துறை அனுமதி மறுத்தால் முன்பணம் திரும்ப வருமா என்பதையும் கேட்டு எழுதிவிடுங்கள். பல குழுக்கள் தராது, அது தெரிந்தே கையெழுத்திடுவது வேறு விஷயம்.

தொகையை மூன்று தவணையாகப் பிரிப்பது இரு தரப்புக்கும் நியாயம்: ஒப்பந்தத்தன்று மூன்றில் ஒரு பங்கு, ஒலிச் சோதனை முடிந்ததும் ஒரு பங்கு, கச்சேரியின் நடுவில் மீதி. ஒரே நிகழ்ச்சிக்காக ஒருவர் ரூ.2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுப்பதால், பெரிய குழுவானால் வங்கி வழியாகவே அனுப்புங்கள். குழு ஜி.எஸ்.டி. பதிவு பெற்றதானால், பேசிய தொகை வரி உட்படவா என்று கேட்கத் தவறாதீர்கள். நாட்டுப்புறக் கலை, செவ்வியல் கலை நிகழ்த்துபவர்களுக்கு ரூ.1.5 லட்சம் வரை உள்ள வரிவிலக்கு, திரைப்பாடல் பாடும் மெல்லிசைக் குழுவுக்குப் பொருந்தாது.

4. காவல்துறை அனுமதி

ஒலி மாசு விதிகளின்படி எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. அனுமதி தரும் அதிகாரி துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் கீழ் இருக்க முடியாது. நடைமுறையில் மனுவை உங்கள் காவல் நிலைய ஆய்வாளரிடம் கொடுக்கிறீர்கள், அவர் விசாரித்து மேலே அனுப்புகிறார். மாநகரமானால் ஆணையர் அலுவலகம். குறைந்தது 20 நாட்களுக்கு முன்னால் மனுவைக் கொடுத்துவிடுங்கள்.

நாங்கள் இணைக்கும் ஆவணங்கள் இவை: விழாக் குழுவின் பெயரில் மனு, பொறுப்பேற்கும் ஐந்து பேரின் ஆதார் நகல், கைப்பேசி எண், கோவில் அறநிலையத் துறைக் கட்டுப்பாட்டில் இருந்தால் செயல் அலுவலர் அல்லது தக்காரின் கடிதம், திடல் ஊராட்சிக்கு உரியதானால் ஊராட்சியின் தடையில்லாக் கடிதம், தனியாருக்கு உரியதானால் உரிமையாளரின் சம்மதக் கடிதம், இசைக்குழு ஒப்பந்தத்தின் நகல், மேடை, ஜெனரேட்டர், வண்டி நிறுத்துமிடம், வெளியேறும் வழி ஆகியவற்றைக் காட்டும் கைவரைபடம், நிபந்தனைகளுக்குக் கட்டுப்படுவதாக உறுதிமொழிக் கடிதம். அனைத்திலும் மூன்று படி எடுங்கள். மனுவைக் கொடுத்தவுடன் நாளும் முத்திரையும் இட்ட ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். முதல் ஆண்டு நான் வாங்கவில்லை. பத்து நாள் கழித்துப் போய்க் கேட்டபோது, அப்படி ஒரு மனுவே வரவில்லை என்றார்கள்.

மனுவில் “ஆடல் பாடல் நிகழ்ச்சி” என்று எழுதாதீர்கள், நடனம் இல்லையென்றால். அந்தச் சொல்லுக்கு விசாரணையும் நிபந்தனையும் கூடும். “மெல்லிசைக் கச்சேரி, நடனம் இல்லை” என்று தெளிவாக எழுதினால் பாதிக் கேள்விகள் எழாது. எழுதிவிட்டு இரண்டு நடனக் கலைஞர்களைக் கூட்டிவந்தால் அடுத்த ஆண்டு அந்த ஊருக்கு அனுமதியே கிடைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். சாதி, கட்சி சார்ந்த பாடல்களும் பதாகைகளும் கூடாது, ஆபாசம் கூடாது, அசம்பாவிதம் நடந்தால் ஏற்பாட்டாளர்களே பொறுப்பு என்பவை வழக்கமாக வரும் நிபந்தனைகள். அனுமதி தாமதமாகிக் கடைசி வாரத்தில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு ஓடிய விழாக் குழுக்களை நான் அறிவேன். வழக்கறிஞர் கட்டணம் மேடைச் செலவைத் தாண்டியது.

இடத்தைப் பொறுத்தவரை, மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்டிருக்கலாம்; கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் பழைய திடல் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து 80 மீட்டர். அதனால்தான் இடத்தையே மாற்றினோம். கூம்பு வடிவ ஒலிபெருக்கிகளைக் கட்டினால் கழற்றச் சொல்வார்கள். பெட்டி வடிவம் மட்டும்தான்.

5. பாடல் உரிமை

திரைப்பாடலை மேடையில் பாடுவதற்கு, பாடலாசிரியர், இசையமைப்பாளர் தரப்பு உரிமைகளை நிர்வகிக்கும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பின் உரிமம் வேண்டுமா என்ற கேள்வி எழும். பதிவு செய்யப்பட்ட பாடலை அப்படியே ஒலிக்கவிட்டால், ஒலிப்பதிவு உரிமை என்ற இன்னொரு கணக்கும் சேரும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உண்மையான சமயச் சடங்கின்போது நிகழ்த்தப்படுவதற்கு விலக்கு அளிக்கிறது. திருமண ஊர்வலத்தையும் திருமணத்தோடு ஒட்டிய கொண்டாட்டங்களையும் அந்த விலக்கில் சேர்த்துச் சொல்கிறது. கோவில் விழாவின் பகுதியாக, கட்டணமின்றி நடப்பதற்கு இந்தப் பிரிவைத்தான் எல்லோரும் சுட்டுகிறார்கள். ஆனால் விளம்பரதாரரிடம் பணம் வாங்கி, நிறுவனப் பதாகை கட்டி நடத்தினால் அந்த வாதம் வலுவிழக்கும். அப்படிச் செய்வதாக இருந்தால் உரிமத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

யூடியூபில் நேரலை விடும் ஆசை இளைஞர்களுக்கு இருக்கும். மேடைக்கான விலக்கு இணையத்துக்கு நீளாது. பாதியில் நேரலை முடங்கினால் வெளிநாட்டில் இருக்கும் சொந்தங்களிடமிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

6. மேடை, மின்சாரம், ஒலி

பதினான்கு பேர் குழுவுக்கு 40 அடி நீளம், 24 அடி அகலம், நான்கு அடி உயரம் உள்ள மேடை போதுமானது. டிரம்ஸுக்குப் பின்புறம் ஓர் அடி உயர்த்திய பலகை வேண்டும். பலகைகளின் இணைப்பில் கால் இடறாதபடி விரிப்பை ஆணியடித்துப் பொருத்தச் சொல்லுங்கள். துணிப் பந்தல் மழையைத் தாங்காது; மேடைக்கு மேல் தகரம், ஒலிகளைக் கலந்து சரிசெய்யும் கருவியான மிக்சருக்குத் தார்ப்பாய்.

மிக்சர் வைக்கும் இடத்துக்குத்தான் ஆண்டுதோறும் சண்டை. அதை மேடைக்கு நேர் எதிரே ஐம்பது, அறுபது அடி தள்ளிக் கூட்டத்தின் நடுவில் வைத்தால்தான், மக்கள் காதில் விழுவது ஒலிப் பொறியாளர் காதிலும் விழும். ஆனால் அது நல்ல இடம் என்பதால் விழாக் குழு அங்கே சிறப்பு விருந்தினர்களுக்கு நாற்காலி போட்டுவிடும். மிக்சர் பக்கவாட்டுச் சந்துக்குத் தள்ளப்பட்டால் பாடகர் குரல் அமுங்கும், மைக் ஊளையிடும், பிறகு அதே விருந்தினர்கள் “சவுண்ட் சரியில்லையே” என்பார்கள். காலையிலேயே பத்துக்குப் பத்து அடிக்குக் கயிறு கட்டி, அதற்குள் எந்த நாற்காலியும் வராமல் ஓர் ஆளை நிறுத்துங்கள்.

மின்கம்பத்தில் கொக்கி போடுவது மின்சாரச் சட்டப்படி திருட்டு. அதைவிட, மின்னழுத்தம் ஏறி இறங்கி ஒரு கீபோர்டு போனால் கச்சேரியே போயிற்று. தற்காலிக மின் இணைப்புக்கு மின்வாரியத்தில் முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். நாங்கள் அதைத் திடல் விளக்குகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மேடைக்கு 62.5 கே.வி.ஏ. சைலண்ட் ஜெனரேட்டர் எடுக்கிறோம். ஒலிக்கும் ஒளிக்கும் தனித்தனி ஃபேஸ் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரே ஃபேஸில் இரண்டும் இருந்தால், விளக்கு மங்கி எரியும்போதெல்லாம் ஸ்பீக்கரில் வண்டு ரீங்காரம் கேட்கும். எர்த் கம்பி ஈரமான மண்ணில் ஆழமாக இறங்கியிருக்கிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். பாடகர் உதடு மைக்கில் படும்போது சுரீர் என்றால், அவர் பிறகு மைக்கைத் தொடவே பயப்படுவார்.

பெண் பாடகர்களுக்கு உள்தாழ்ப்பாள் உள்ள அறையும், தண்ணீர் வரும் கழிப்பறையும் மேடைக்கு அருகிலேயே ஏற்பாடு செய்யுங்கள். ஆண்களே நிறைந்த விழாக் குழுக்களில் இதை யாரும் யோசிப்பதில்லை. நாங்களும் முதல் ஆண்டு யோசிக்கவில்லை.

7. செலவுக் கணக்கு

சென்ற ஆண்டு எங்கள் செலவைச் சொல்கிறேன்; மாவட்டத்துக்கும் குழுவின் பெயருக்கும் ஏற்ப இது மாறும். பதினான்கு பேர் குழுவுக்கு வேன் உட்பட ரூ.85,000, ஒலி, ஒளி அமைப்புக்கு ரூ.40,000, மேடைக்கு ரூ.18,000, ஜெனரேட்டர் வாடகை ரூ.9,000, 60 லிட்டர் டீசலுக்குச் சுமார் ரூ.5,600. சாப்பாடு, தங்கும் அறைகளுக்கு ரூ.9,000, பொன்னாடை, நினைவுப் பரிசுக்கு ரூ.4,500, நாற்காலிகளுக்கு ரூ.2,400. எதிர்பாராத செலவுக்கு ஒதுக்கிய ரூ.8,000-மும் தீர்ந்தது. மொத்தம் ஏறத்தாழ ரூ.1,81,500.

குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊரில் வாங்கும் தலைக்கட்டு வரி வசூலாகும் என்ற நம்பிக்கையில் தொகை பேசாதீர்கள். வரியில் கால்வாசி திருவிழா முடிந்த பிறகுதான் வரும். குழுவுக்கான மீதியோ அன்றிரவே கொடுக்க வேண்டியது. கச்சேரிப் பணத்தை உண்டியல் பணத்தோடு கலக்காமல், ஒருவர் கையில் தனி உறையில் வைத்திருங்கள்.

8. கச்சேரி நாள்

பாடல் பட்டியலை ஒரு வாரம் முன்பே வாங்கி, குழுத் தலைவரோடு உட்கார்ந்து வரிசைப்படுத்துங்கள். பிள்ளையார், அம்மன் பாடல்களில் தொடங்கி, பழைய மெலடிகளை 8.30-க்குள் முடித்துவிட வேண்டும். வயதானவர்கள் அதற்கு மேல் உட்கார மாட்டார்கள். குத்துப்பாட்டுகளைக் கடைசி முக்கால் மணி நேரத்துக்கு வைத்தால், அதுவரை இளைஞர்களும் அமைதியாக இருப்பார்கள்.

பொன்னாடை, கௌரவிப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பத்து நிமிடம் என்று விழாக் குழுக் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டு, பெயர்களின் வரிசையையும் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். முதல் மரியாதை யாருக்கு என்ற கேள்வியை ஒலிபெருக்கி முன்னால் தீர்க்க முயன்ற ஊர்களின் கதை உங்களுக்கே தெரிந்திருக்கும். எங்கள் முதல் கச்சேரியில் இதற்கு மட்டும் 35 நிமிடம் போயிற்று.

நேயர் விருப்பச் சீட்டுகள் நேரே பாடகர் கைக்குப் போகக் கூடாது. மேடைப் படியில் நிற்கும் ஒருவர் வாங்கி, பட்டியலில் உள்ள பாடலாக இருந்தால் மட்டும் உள்ளே அனுப்ப வேண்டும். சீட்டோடு நூறு ரூபாய்த் தாளை மடித்துக் கொடுத்து, தன் சாதியைப் போற்றும் பாட்டைக் கேட்பவர் எப்படியும் வருவார். “அனுமதிக் கடிதத்தில் தடை இருக்கிறது, அண்ணே” என்று சொல்லி, அந்தக் கடிதத்தின் நகலைக் காட்டுங்கள். நமது சொந்த மறுப்பாக இல்லாமல் காவல்துறை மறுப்பாக இருந்தால் அவர் கோபம் நம்மீது இறங்காது. இதற்காகவே நகல் ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மேடைப் படியில் தொங்கவிடுகிறோம்.

8.30 மணியளவில் மீதித் தொகையைக் குழுத் தலைவரிடம் கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள். பணம் வந்ததா என்று பக்கவாட்டைப் பார்த்துக்கொண்டே வாசிப்பவர் நன்றாக வாசிக்க மாட்டார். 9.30-க்குக் குழுத் தலைவருக்கு ஒரு சைகை, 9.40-க்கு இன்னொன்று. 9.50-க்கு மைக்கை அறிவிப்பாளர் வாங்கிவிட வேண்டும். “ஒன்ஸ் மோர்” கேட்டால் விழாக் குழுவில் யாரும் தலையாட்டக் கூடாது.

கூட்டம் கலைந்ததும் குழுவினருக்குச் சாப்பாடு; பாடுவதற்கு முன் பெரும்பாலோர் வெந்நீரைத் தவிர எதுவும் தொட்டிருக்க மாட்டார்கள். அவர்கள் சாப்பிடும்போது நீங்கள் ஒலி அமைப்பாளரோடு நின்று மைக்குகளை எண்ணி, ஜெனரேட்டர் மீட்டரில் ஓடிய மணிக்கணக்கைப் பார்த்து, இருவரும் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். கார்ட்லெஸ் மைக் ஒன்று காணவில்லை என்று மறுநாள் தொலைபேசி வந்தால், அந்தத் தாளைப் படமெடுத்து அனுப்பினால் போதும்.